டொபியில் இல்லாத நஞ்சு

 

ஒக்டோபர் 31 வருகிறது. ஒட்டுசுட்டானில் படிப்பிக்கிற எங்களுக்கு அது கல்லில் வெட்டிய திகதி. 1803 ஆம் ஆண்டு அந்த நாளில் கப்டன் வொன் டிரிபேர்க் என்பவர் பண்டாரவன்னியனை இந்தப் பக்கத்தில் எங்கோ தோற்கடித்தார் என்று கற்சிலைமடுக் கல்லில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். தோற்றவனின் பெயரை இன்று வன்னியில் சின்னப்பிள்ளையும் சொல்லும். வென்றவனின் பெயரைக் கல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வரலாறு படிப்பிக்கும்போது நாங்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இப்போது சில வருடங்களாக இதே திகதியைப் பற்றிப் பிள்ளைகள் வேறு கேள்வி கேட்கிறார்கள். "டீச்சர், ஹலோவீன் எண்டா பேய்ப் பெருநாளோ?" காரணம் தெரிந்ததுதான். ஒட்டுசுட்டானிலோ முள்ளியவளையிலோ ரொறன்ரோவில் ஓர் ஆளாவது இல்லாத குடும்பம் குறைவு. ஒக்டோபர் கடைசியில் ஸ்காபரோவில் இருந்து வரும் வீடியோ அழைப்பில் பேரப்பிள்ளை எலும்புக்கூடு உடுப்புப் போட்டு, அதற்கு மேலே குளிர் ஜக்கெட்டும் போட்டு, கையில் ஒரு பையோடு நிற்கிறது. இங்கே அம்மம்மா பயந்துபோய்க் கேட்கிறா: "தெரியாத ஆக்களின்ர கதவைத் தட்டி டொபி வாங்குதாம் பிள்ளை. ஆரும் நஞ்சு கிஞ்சு வைச்சுக் குடுத்தா?"

இந்தப் பதிவு அம்மம்மாவின் கேள்விக்குத்தான். ஹலோவீன் கூடுமா கூடாதா என்று மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. அதை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தேடி வாசித்தபோது, அது கனடாவிலும் அமெரிக்காவிலும் நிற்காமல் அம்பாறைக்கும் வந்து, கடைசியில் எங்கள் பாடசாலை வாசலுக்கும் வந்து நின்றது.

முதலில் வீடு வீடாகப் போகிற பழக்கத்தைப் பார்ப்போம். நவம்பர் 1 கத்தோலிக்கர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள். அடுத்த நாள் இறந்தவர்களின் நாள். மன்னாரில் அன்றைக்குச் சேமக்காலைகளில் மெழுகுதிரி எரிவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். நடுக்கால இங்கிலாந்தில் இந்த நாட்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய், இறந்தவர்களுக்காகச் செபிப்பதாகச் சொல்லி, சின்ன ரொட்டிகளை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஸ்கொட்லாந்தில் பிள்ளைகள் முகத்துக்குக் கரி பூசி, வேடம் கட்டிப் போய், பாட்டுப் பாடிப் பழமும் காசும் வாங்கினார்கள். அங்கிருந்து கப்பலேறியவர்களோடு இந்தப் பழக்கமும் வட அமெரிக்காவுக்குப் போனது.

எங்களுக்கும் இது புதினம் இல்லை. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாக இளைஞர்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வருவார்கள். நத்தாருக்கு முன் கரோல்காரர்கள் வருவார்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முன் பாக்குத்தெண்டல் நடக்கும். கட்டாரிலும் குவைத்திலும் வேலை செய்து வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், றமழான் நடுப்பகுதியில் அரபுப் பிள்ளைகள் பையைக் கழுத்தில் தொங்கவிட்டு வீடு வீடாகக் கச்சானும் இனிப்பும் சேர்ப்பதைச் சொல்வார்கள். பெருநாளன்று எங்கள் பிள்ளைகள் புது உடுப்போடு பெருநாள் காசு வாங்கப் போகிற போக்கை என்ன சொல்ல! மாமா வீட்டில் எவ்வளவு, சாச்சா வீட்டில் எவ்வளவு என்று கணக்குச் சொல்லிக்கொண்டே போவார்கள். கணித பாடத்தில் அந்தக் கெட்டித்தனம் காணாமல் போவதுதான் எங்களுக்குக் கவலை.

ஆக, பிள்ளை வாசலுக்கு வந்தால் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவது உலகம் முழுவதும் உள்ள நடைமுறை. வட அமெரிக்காவில் அதற்கு ஒரு மிரட்டலும் சேர்ந்தது. "தருகிறாயா, இல்லாவிட்டால் குழப்படி செய்யட்டா?" என்பதுதான் அந்த ஆங்கிலச் சொற்றொடரின் கருத்து. கனடாவின் அல்பேர்ட்டா மாநிலத்தில் 1927 இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தியை அதன் பழைய சான்றுகளில் ஒன்றாகக் காட்டுவார்கள். மிரட்டல் அப்போது வெறும் பேச்சு இல்லை. அந்த நாட்களில் ஹலோவீன் இரவு என்றால் இளந்தாரிகள் படலையைக் கழற்றிக்கொண்டு போவதும் யன்னலை உடைப்பதும்தான். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அது கைமீறிப் போகவே, ஊர்ப் பெரியவர்கள் ஒரு வழி கண்டார்கள்: இனிப்பைக் கொடுத்துச் சமாதானம் பண்ணு. அதாவது, அந்தக் காலத்தில் பயந்தவர்கள் வீட்டுக்காரர். பயம் காட்டியவர்கள் பிள்ளைகள். இதை ஞாபகத்தில் வையுங்கள், இது பிறகு தலைகீழாகும்.

இரண்டாம் உலகப் போரில் சீனிக்குப் பங்கீடு வந்ததால் அமெரிக்காவில் இந்தப் பழக்கம் படுத்துவிட்டது. 1947 இல் பங்கீடு நீங்கியதும் எழும்பியது. 1950 இல் பிலடெல்பியாப் பக்கத்தில் ஒரு போதகரும் அவர் மனைவியும் ஒரு யோசனை சொன்னார்கள். பிள்ளைகள் டொபி மட்டும் கேட்காமல், பால் பெட்டியில் சில்லறையும் சேர்த்து, போரில் நொந்த நாடுகளின் பிள்ளைகளுக்கு அனுப்பலாம் என்று. முதல் தடவை சேர்ந்தது 17 டொலர். அது போன இடம் யுனிசெவ். பிறகு பெட்டி செம்மஞ்சள் நிறமாகி அமெரிக்காவெங்கும் பரவியது, கனடாவுக்கும் போனது.

யுனிசெவ் என்றதும் வன்னியில் எங்களுக்கு நீல எழுத்துப் போட்ட புத்தகப் பையும் கூடாரப் பாடசாலையும் ஞாபகம் வரும். எங்கேயோ ஒரு பிள்ளை பேய் வேடம் போட்டுக் குலுக்கிய பெட்டியின் சில்லறை எந்த நாட்டுப் பிள்ளையின் கொப்பியானது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. ஆனால் தெரியாதவரின் வாசலில் தட்டிச் சேர்த்த காசு, தெரியாத பிள்ளைகளுக்குப் போனது. அன்றைய நம்பிக்கை அந்த அளவில் இருந்தது.

அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது?

1960களிலேயே அப்பிள் பழத்துக்குள் சவர அலகு, டொபிக்குள் நஞ்சு என்று கதைகள் உலாவத் தொடங்கிவிட்டன. 1974 ஒக்டோபர் 31 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகருக்கு அருகே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹலோவீன் இனிப்புத் தூளைச் சாப்பிட்டு இறந்தான். அதற்குள் சயனைட் இருந்தது. நாடே நடுங்கியது. எந்த வீட்டில் கொடுத்தார்கள் என்று பொலிஸ் தேடியது. கடைசியில் அகப்பட்டவர் தெரியாத வீட்டுக்காரர் இல்லை. பிள்ளையின் தகப்பன், ரொனால்ட் ஓபிரையன். பிள்ளைகளின் பெயரில் எடுத்திருந்த காப்புறுதிப் பணத்துக்காகச் செய்தார். ஊரில் உலாவிய நஞ்சு டொபிக் கதை தன்னை மறைக்கும் என்று நம்பி, வேறு பிள்ளைகளின் கையிலும் அதே இனிப்பைக் கொடுத்திருந்தார். அல்லாஹ்வின் கிருபை, மற்றப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. 1984 இல் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

கவனித்தீர்களா? வதந்தி கொலையைத் தடுக்கவில்லை. கொலைகாரனுக்கு ஒளிக்க இடம் கொடுத்தது.

1982 இல் சிக்காகோவில் வலிமாத்திரை உறைகளுக்குள் யாரோ சயனைட் வைத்ததில் ஏழு பேர் இறந்தார்கள். செய்தவர் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. (மருந்துப் போத்தல் மூடியைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தாள் முத்திரை அந்தச் சம்பவத்தின் பிறகு வந்த ஏற்பாடு.) அதற்கும் ஹலோவீனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் ஒரு மாதத்தில் ஹலோவீன் வந்தது. பல ஊர்களில் பிள்ளைகளை வெளியே விட வேண்டாம் என்றார்கள். வைத்தியசாலைகள் டொபிப் பைகளை எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தன. அந்தக் காலத்துப் பழக்கம்தான், பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பையை மேசையில் கொட்டி ஒவ்வொரு டொபியாகத் தாய் தகப்பன் சோதிப்பது.

ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் இதை விடாமல் தேடினார். 1958 முதல் பத்திரிகைகளில் வந்த நஞ்சு டொபிச் செய்திகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போய், 1985 இல் ஒரு சகாவோடு சேர்ந்து ஆய்வை வெளியிட்டார். ஹலோவீன் இரவில் தெரியாத ஒருவர் கொடுத்த நஞ்சு இனிப்பால் ஒரு பிள்ளை இறந்ததாகவோ கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகவோ உறுதியான ஒரு சம்பவத்தைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெரும்பாலானவை பிள்ளைகளே விளையாட்டுக்குக் கட்டிய கதைகள். ஒரு சில, வேறு காரணத்தால் வந்த மரணத்தை டொபியின் தலையில் போட்டவை. அதன் பிறகும் வருடாவருடம் பார்த்துக்கொண்டே வந்தார். முடிவு மாறவில்லை.

முன்பு வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குப் பயந்தார்கள். இப்போது பிள்ளைகள் வீட்டுக்காரருக்குப் பயப்படப் பழக்கப்படுத்தப்பட்டார்கள். சரி, பயந்ததில் பாதுகாப்பாவது கூடியதா?

2018 இல் கனடாவின் வன்கூவர், ரொறன்ரோ ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1975 முதல் 2016 வரை, அமெரிக்காவில் 42 ஹலோவீன் மாலைகளில் வீதியில் நடந்துபோகும்போது வாகனம் மோதி இறந்தவர்களை எண்ணினார்கள். அதற்கு ஒரு கிழமை முன்னும் ஒரு கிழமை பின்னும் வந்த மாலைகளோடு ஒப்பிட்டார்கள். ஹலோவீன் மாலைகளில் 608 பேர். ஒப்பிட எடுத்த 84 மாலைகளில் 851 பேர். ஒரு மாலைக்கு என்று பிரித்துப் பார்த்தால் ஆபத்து 43 வீதம் அதிகம். நாலு வயது முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு அது ஏறக்குறையப் பத்து மடங்கு. மிக மோசமான நேரம் மாலை ஆறு மணியளவு.

இந்த இடத்தில் நாங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். நாற்பது வருடமாகத் தாய்மார் மேசையில் டொபியைக் கொட்டிச் சோதித்தார்கள். பிள்ளைகள் செத்தது டொபியால் இல்லை, அந்த டொபியை வாங்கப் போன வீதியில். கறுப்பு உடுப்பு, கண்ணை மறைக்கிற முகமூடி, காலில் தட்டுகிற நீளச் சட்டை, அந்தி நேரம், வேலை விட்டு அவசரமாகப் போகும் கார்கள். இதில் ஒன்றும் பயங்கரக் கதையாக வாய்க்கு வராது. அதனால் யாரும் பரப்பவில்லை.

அம்மம்மாவுக்கு இங்கேயே பதில் சொல்லி முடிக்கலாம்: "நஞ்சுக்குப் பயப்படாதேங்கோ அம்மா. முகமூடியைக் கழற்றி முகத்துக்குச் சாயம் பூசச் சொல்லுங்கோ, மினுங்குற பட்டி ஒண்டை உடுப்பில ஒட்டச் சொல்லுங்கோ, மகளைக் கூடப் போகச் சொல்லுங்கோ." ஆனால் எங்களுக்கு அதோடு முடியவில்லை. ஏனென்றால் தின்பண்டத்துக்குள் நஞ்சு என்ற கதை எங்கள் நாட்டில் எங்கள் தட்டுக்கே வந்தது.

2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் ஒரு கட்டியைக் கண்டு, இது சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை என்று சத்தம் போட்டார். ஆட்கள் கூடிவிட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சுற்றி நின்று, போட்டாயா போட்டாயா என்று கேட்டு, அவர் தடுமாறித் தலையாட்டியதைக் காணொளி எடுத்துப் பரப்பினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது: அது மாக்கட்டி. அப்படி ஒரு மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஆனால் அறிக்கை நடந்து வர, காணொளி பறந்துவிட்டது. மார்ச் முதல் கிழமையில் திகன பற்றியபோது அந்தக் கதையும் நெருப்புக்குள் எண்ணெயாக இருந்தது. அவசரகாலச் சட்டம் வந்தது, சமூக ஊடகங்கள் ஒரு கிழமையளவு முடக்கப்பட்டன. இரண்டு வருடம் கழித்து, 2020 மே மாதத்தில், தங்கள் தளம் அந்த நேரம் தவறாகப் பயன்பட்டதற்குப் பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. நீங்கள் இந்தப் பதிவை வாசித்துக்கொண்டிருக்கும் இதே இடம்தான்.

2019 உயிர்த்த ஞாயிறுப் படுகொலைகளின் பிறகு அதே கதை வேறு உடுப்புப் போட்டு வந்தது. குருநாகலில் வைத்தியர் ஷாபி தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று குற்றம் சாட்டினார்கள். மே மாதம் கைதான அவருக்கு ஜூலையில் பிணை கிடைத்தது. குற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. வருடங்கள் கழித்து மீண்டும் வேலைக்கு எடுத்தார்கள். கிடைத்த சம்பள நிலுவையை, 2022 இன் மருந்துத் தட்டுப்பாட்டு நேரத்தில் மருந்து வாங்கவே அவர் கொடுத்துவிட்டார்.

இவையெல்லாம் தெற்கிலும் கிழக்கிலும் நடந்தவை, வன்னிக்கு என்ன என்று கேட்கலாம். போன வருடம் எங்களுக்குத் தெரிந்த பெற்றோர் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு குரல் பதிவு வந்தது. பாடசாலை விடுகிற நேரம் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி இனிப்பு விற்க வருகிறவனிடம் பிள்ளைகளை வாங்க விட வேண்டாம், போதை கலந்திருக்கிறதாம், "ஆள் எங்கட ஆள் இல்லை" என்று. யார் கண்டது, எந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி நாலு சொல்தான் விஷயம். பஞ்சு முட்டாய் விற்று நாலு பிள்ளைகளை வளர்க்கிற ஒரு மனிதர் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அதே கிழமை, பாடசாலை விடுகிற அதே நேரம், மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று ஒரு பிள்ளையின் சைக்கிளைத் தட்டிவிட்டுப் போனது. நல்ல காலம், சிராய்ப்போடு போயிற்று. அந்தக் குழுவில் டிப்பரைப் பற்றி ஒரு குரல் பதிவும் வரவில்லை.

போதைப்பொருள் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வடக்கில் அது எவ்வளவு உண்மை என்று வகுப்பறையில் நிற்கிற எங்களுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் பொலிசுக்குச் சொல்லுங்கள், அதிபருக்குச் சொல்லுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். பொருளைச் சோதிக்கட்டும். ஆளின் தொப்பியைச் சோதிப்பது வேறு வேலை.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல எங்களுக்குக் காரணம் இருக்கிறது. வடக்கு முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் கடைசி என்றால் 1990. யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30. முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஊர்களில் இருந்து அதற்குச் சில நாட்கள் முன்பின். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம். எங்கள் வயதுக்காரர் பலருக்கு முதல் பெருநாள் ஞாபகமே அங்கே கிடுகுக் கொட்டில்தான். ஒரு சமூகத்தையே "எங்கட ஆக்கள் இல்லை" என்று ஒரு சொல்லில் முடிப்பது என்ன செய்யும் என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. அதேநேரம், திரும்பி வந்தபோது பூட்டிக் கிடந்த வீட்டின் திறப்பைக் கையில் தந்த தமிழ் அயலவர்களும் எங்கள் வரலாற்றில்தான் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி, வன்னி சரியாகச் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்வியியற் கல்லூரியில் படித்த எந்தப் பாடத்தையும்விட இது எங்களுக்குக் கூடப் படிப்பித்தது.

2009 இன் பிறகு செட்டிகுளம் முகாம்களில் இருந்து சனம் ஒட்டுசுட்டானுக்குத் திரும்பியபோது நிலத்துக்குள் நஞ்சு உண்மையாகவே இருந்தது. சப்பாத்துப் பொலிஸ் பேணி அளவில் பிளாஸ்ரிக் மிதிவெடிகள். சின்ன மரப்பெட்டி மாதிரி 'ஜொனி' மிதிவெடிகள். வெடிக்காத எறிகணைகள். பழைய இரும்பு கிலோக் கணக்கில் விலை போன காலம், பிள்ளைகளுக்கோ எதைக் கண்டாலும் எடுத்துப் பார்க்கிற வயது. ஹலோவீன் பையில் யாரும் காணாத ஆபத்து இங்கே வேலியோரம் கிடந்தது. இங்கேயும் பிள்ளையின் கை நீளுகிற பொருள்தான் பிரச்சினை.

அந்தப் பிள்ளைகளுக்கு என்ன படிப்பித்தார்கள்? மிதிவெடி அபாயக் கல்வி என்று பெயர். யுனிசெவ் உதவியோடு பாடசாலைகளிலும் முகாம்களிலும் நடந்தது. வீதி நாடகம், சுவரொட்டி, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை வாசிக்கப் பழக்குதல். சாரம் மிகச் சின்னது: தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, போன தடத்திலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல். பொருள் எப்படி இருக்கும், எந்த மாதிரி இடத்தில் கிடக்கும், கண்டால் கால் எங்கே வைக்க வேண்டும் என்றுதான் படிப்பித்தார்கள். யார் புதைத்தது என்று படிப்பிக்கவில்லை. இரண்டு பக்கமும் புதைத்தது எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் காலைக் காப்பாற்ற அந்தக் கேள்வி உதவாது. கோபம் தலைக்கு மேலே இருந்த காலத்தில், அவ்வளவு இழந்த சனத்துக்கு நடுவில், கோபத்தைக் கலக்காமல் பாதுகாப்பைப் படிப்பிக்க முடிந்தது. இதை நினைத்தால் இன்றும் ஆச்சரியம்தான்.

நிலத்தைத் துப்புரவாக்கியவர்களையும் சொல்லாமல் விட முடியாது. ஹேலோ டிரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் என்று நிறுவனங்களின் பெயர்கள் எங்கள் பிள்ளைகளுக்கே பாடம். முகக்கவசத்தோடு வெயிலில் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைத் தட்டியவர்களில் கணிசமானோர் எங்கள் ஊர்களின் பெண்கள். பலர் குடும்பத்தைத் தனியே சுமந்தவர்கள். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. வேலை இன்னும் முடியவில்லை. காட்டோரம் விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்களுக்கு நாங்கள் இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்று ஒட்டுசுட்டான் பிள்ளையைக் கொல்லக்கூடியது என்ன என்று நாங்கள் ஆசிரியர் அறையில் இருந்து யோசித்தோம். மாங்குளம் - முல்லைத்தீவு வீதி காப்பெற் ஆனதன் பிறகு வாகனம் பறக்கிறது. சந்தியை விட்டு விலகினால் விளக்கு இல்லை. இரவில் கட்டாக்காலி மாடு நடு வீதியில் படுத்திருக்கும், அதை வெட்டி எடுக்கிற மோட்டார் சைக்கிள் ஓரத்தில் நடந்து வருகிற பிள்ளைமேல் வரும். ஒக்டோபரில் மாரி பிறந்துவிட்டால் ஆறு மணிக்கே இருட்டு. முத்தையன்கட்டுக் குளமும் வாய்க்கால்களும் நிரம்பும், கட்டில்லாத கிணறு புல்லுக்குள் மறையும். காட்டோரக் குடியிருப்புகளில் அந்திக்கு யானை. இவற்றோடு, வாயால் சொல்லக் கூசுகிற ஒன்றும் இருக்கிறது: பிள்ளைமேல் கை வைக்கிறவர் பெரும்பாலும் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர். "தெரியாத மாமாவிடம் போகாதே" என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, தெரிந்த மாமாவைப் பற்றிச் சொல்ல வாய் வராது. டெக்சாஸ் பொலிஸ் வீடு வீடாகத் தேடிய நாட்களை நினைத்துப் பாருங்கள். 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்தை எங்கள் வகுப்பில் கரும்பலகையின் மூலையில் அழிக்காமல் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் மனப்பாடம்.

இந்த முறை ஒக்டோபர் 31 அன்று வரலாற்றுப் பாடவேளையில் பண்டாரவன்னியனை முதலில் படிப்பிப்போம். ஹலோவீனைக் கேட்கிறவர்களுக்கு அந்த 608 ஐயும் 851 ஐயும் கரும்பலகையில் எழுதி, 42 ஆலும் 84 ஆலும் பிரிக்கச் சொல்வோம். பெருநாள் காசுக் கணக்கில் கெட்டிக்காரர்தானே, செய்யட்டும்.

பெருநாளுக்கு எங்கள் பக்கத்தில் இப்போது இப்படி வைத்திருக்கிறோம். சின்னப்பிள்ளைகள் தனியே போவதில்லை, ஐந்தாறு பேருக்கு ஒரு பெரிய பிள்ளை. வெள்ளை அல்லது மஞ்சள் உடுப்பு, அந்திக்கு முன் வீடு. பெரிய வீதியில் வாகனம் முன்னுக்கு வருவது தெரியும்படி வலப்பக்கமாக, ஒருவருக்குப் பின் ஒருவராக நடை. வீதியைக் கடக்கிற வீடுகளுக்குப் பெரியவர்கள் தாங்களே வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். வாங்கிய இனிப்பைச் சோதிக்கிறதில்லை. போன பெருநாளில் முன் ஒழுங்கை அக்கா வீட்டில் வாசலிலேயே கதிரை போட்டு இருந்துகொண்டு, வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் காசும் பனங்காய்ப் பணியாரமும் கொடுத்தா. அவ சைவம், நெற்றி நிறையத் திருநீறு. நாங்கள் அனுப்பிய வட்டிலப்பத்தின் பாத்திரம் கழுவி, உள்ளே பத்து மாம்பழத்தோடு அடுத்த நாளே திரும்பி வந்தது.